குரங்குத் தீவுக்கு இன்றும் கப்பல் ஏறலாமா?

வாசகர் கேள்வி – பதில்

‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ 1990-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட கம்ப்யூட்டர் சாகச விளையாட்டு. கடற்கொள்ளையன் ஆகியே தீருவேன் என்று கரீபியன் கடலின் மெலே தீவில் வந்திறங்கும் கைபிரஷ் த்ரீப்வுட் என்ற பையனை நாம் மவுஸால் நடத்திச் செல்ல வேண்டும். குமரி மாவட்ட வாசகர்கள் இதைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். புதிரின் விடையைச் சொல்ல வேண்டிய இடங்களில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறோம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும்போது நண்பன் வீட்டில் பாதி ஆடியதோடு நின்றுபோனது. இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் மகளோடு சேர்ந்து ஆடி முடிக்க ஆசை. ஒரு படத்தைக் காட்டினேன். “இது என்னப்பா, கட்டம் கட்டமா கெடக்கு?” என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளையிடம் இது எடுபடுமா?
— வாசகர், நாகர்கோவில்

எடுபடும். கட்டம் கட்டமாக இருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். 320-க்கு 200 புள்ளிகள், முதலில் 16 நிறம், பிறகு வந்த பதிப்பில் 256 நிறம். அவ்வளவுதான் அன்றைக்கு இருந்த வசதி. அதற்குள்ளேயே இரவுத் துறைமுகத்தையும் மதுக்கடையின் மங்கல் வெளிச்சத்தையும் வரைந்தவர்கள் கைதேர்ந்தவர்கள். பிள்ளைகளின் கண் கால் மணி நேரத்தில் பழகிவிடும்.

பழைய சாகச விளையாட்டுகள் வேறொரு இடத்தில்தான் ஊசிப்போகின்றன. ஆடுகிறவரை அவை நியாயமாக நடத்துகின்றனவா என்பதைப் பாருங்கள். இதே 1990-இல் வந்த ‘கிங்ஸ் க்வெஸ்ட் 5’-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கையில் கஸ்டர்ட் பை என்ற இனிப்புப் பண்டம் ஒன்று கிடைக்கும். பசிக்கிறதே என்று அதைத் தின்றுவிட்டால் விளையாட்டு ஒன்றும் சொல்லாது, உங்கள் போக்கில் விடும். பிறகு பனிமலையில் யெட்டி என்ற பனிமனிதன் வழிமறிக்கும்போது அதன் முகத்தில் எறிய அந்தப் பண்டம்தான் வேண்டும். இல்லையா, அவ்வளவுதான், ஆட்டத்தைச் சேமித்துவைத்த பழைய சேவ் ஒன்றைத் தேடிப் போக வேண்டும். எந்த இடத்தில் தவறு செய்தோம் என்பதுகூடத் தெரியாமல் மணிக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. இதை இன்றைக்கு ஒரு பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டாம் நாளே மூடி வைத்துவிடும். அது பிள்ளையின் குற்றமும் ஆகாது.

மங்கி ஐலண்டை உருவாக்கிய ரான் கில்பர்ட் இதே குறையைப் பற்றி 1989-இல் ஒரு கட்டுரையே எழுதினார். தேவையில்லாமல் சாகடிக்கக் கூடாது, பின்னால் வேண்டிய பொருளை முன்கூட்டியே எடுக்காததற்காகத் தண்டிக்கக் கூடாது என்பது அவர் வாதம். டிம் ஷாஃபர், டேவ் கிராஸ்மன் இருவரோடும் சேர்ந்து எழுதிய இந்த விளையாட்டில் அதைச் செய்தும் காட்டினார். நீங்கள் எதைச் செய்தாலும் வழி அடைபடாது. சாவும் ஒரே ஒரு இடத்தில்தான், அதையும் வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். முதல் பகுதியில் வாள், திருட்டு, புதையல் என்று மூன்று சோதனைகள். எதை முதலில் எடுத்தாலும் சரி, ஒன்றில் சிக்கினால் அதை விட்டு மற்றொன்றுக்குப் போகலாம். 35 ஆண்டு கழித்தும் இந்தக் கட்டமைப்பு நிற்பதற்கு இதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வோம்.

தேய்ந்துபோன பக்கங்களும் உண்டு. குரங்குத் தீவுக்கே போய்ச் சேர்ந்த பிறகு வரும் பகுதியில் நடையோ நடை. ஒரு பொருளுக்காகப் படகு வலித்து, கரை இறங்கி, வரைபடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அன்றைக்கே அது இழுவைதான். நரமாமிசம் தின்னும் தீவுவாசிகள் என்ற பழைய காலனியக் கேலிச்சித்திரமும் அங்கே வருகிறது. கொழுப்புச் சத்துக்கு அஞ்சி உணவுக் கட்டுப்பாடு பேசுகிறவர்களாக அவர்களைக் காட்டி அதைக் கொஞ்சம் புரட்டிப்போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் மகளோடு உட்கார்ந்து ஆடும்போது அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள்.

ஒரு யோசனை. மவுஸ் மகள் கையில் இருக்கட்டும், நோட்டும் பேனாவும் உங்கள் கையில். யார் என்ன கேட்டார்கள், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எந்தப் பொருளுக்கு இன்னும் வேலை வரவில்லை என்று மூன்று பத்தியாக எழுதி வாருங்கள். சிக்கியபோது இணையத்தில் விடை தேடுவதற்கு முன் அந்த மூன்றாம் பத்தியைப் படித்தால் பாதிப் புதிர் அங்கேயே அவிழும்.

கேள்வி: பழைய பதிப்பு, புதுப்பித்த பதிப்பு என்று இரண்டு இருக்கிறதாமே? எது வாங்க? என் லேப்டாப் சாதாரணமானது.
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

2009-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனை வாங்குங்கள். படங்களைப் புதிதாக வரைந்து, இசையை மீண்டும் பதிவு செய்து, எல்லாப் பேச்சுக்கும் குரல் சேர்த்திருக்கிறார்கள். விண்டோஸ் லேப்டாப் போதும், தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. ஸ்டீம், ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடைகள் இரண்டிலும் விற்கிறார்கள். வீட்டில் நெட் ஒழுங்காக வராது என்றால் ஜி.ஓ.ஜி. நல்லது. இன்ஸ்டால் செய்யும் கோப்பை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் அதன் பிறகு நெட்டே தேவைப்படாது.

அதில் எஃப்10 விசையை அழுத்தினால் அந்த நொடியே பழைய படத்துக்கும் பழைய இசைக்கும் மாறும், திரும்ப அழுத்தினால் புதியதற்கு வரும். ஆகவே ஒன்றை வாங்கினால் இரண்டும் கையில். பழைய முறையில் குரல் வராது, எழுத்து மட்டும்தான். சிக்கினால் எச் விசை குறிப்புக் கொடுக்கும். திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க குறிப்பு வெளிப்படையாகிக்கொண்டே போய், கடைசியில் விடையையே சொல்லிவிடும். முதல் குறிப்போடு கையை எடுத்துவிடுங்கள்.

புதிய பதிப்பின் பெரிய குறை, கட்டளைச் சொற்களை ஒளித்துவைத்தது. பழையதில் ‘திற’, ‘எடு’, ‘தள்ளு’, ‘பேசு’ என்று எல்லாம் திரையின் அடியிலேயே இருக்கும். முதலில் 12 சொற்கள், சிடி பதிப்பில் ஒன்பதாகக் குறைத்தார்கள். புதியதில் இவற்றுக்கு ஒரு பெட்டி, கைப்பொருள்களுக்கு ஒரு பெட்டி, இரண்டையும் திறந்து திறந்து மூட வேண்டும். மற்ற இடங்களில் இது தொல்லையில்லை. கிராக் என்ற சாராயத்தைச் சிறைக்குக் கொண்டுபோகும் புதிரில் மட்டும் உயிரை வாங்கும். (விடை வருகிறது.) அந்தச் சாராயம் உலோகக் குவளையையே அரித்துவிடும். மதுக்கடையில் இருக்கும் குவளைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு, ஒன்று உருகுவதற்குள் அடுத்ததில் ஊற்றி ஊற்றி ஓடி, சிறைப் பூட்டின் மேல் ஊற்ற வேண்டும். பெட்டி திறந்து மூடுவதற்குள் குவளை கரைந்துவிடும். அந்த ஓட்டத்துக்கு மட்டும் எஃப்10 அழுத்திப் பழைய முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். முடிந்ததும் திரும்பலாம்.

கேள்வி: அண்ணன் வைத்திருந்த பழைய சிடி அலமாரியில் கிடைத்தது. கடற்கரையில் வீடு என்பதால் பூசணம் பிடித்திருக்கிறது. கோப்புகளைக் காப்பி எடுத்து, பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம் வி.எம். என்ற மென்பொருள் வைத்து ஓட்டினேன். விளையாட்டு வருகிறது, இசை மட்டும் இல்லை. ஆட்களும் குட்டை குட்டையாகத் தெரிகிறார்கள்.
— வாசகர், குளச்சல்

மூன்று சிக்கல், மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

முதலில் பூசணம். சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் உள்ளே இருக்கும் அலுமினியப் படலத்தையே அது தின்றுவிட்டது, அந்த இடம் திரும்பி வராது. மேலாக மட்டும் படிந்திருந்தால் மிருதுவான துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் சுருள் தடமாகப் பதிந்திருக்கிறது. தடத்தை ஒட்டியே கீறல் விழுந்தால் நீளமான ஒரு பகுதி போய்விடும். குறுக்கே விழுந்தால் சின்னச் சின்னதாகப் போவதைப் பிழை திருத்தும் ஏற்பாடு ஈடுகட்டிவிடும். பெயர் அச்சிட்ட பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அலுமினியப் படலம் அந்தப் பக்கத்துக்கு அடியில்தான், மெல்லிய வார்னிஷுக்குள் இருக்கிறது. எடுக்க முடிந்ததை எடுத்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் மூடிவையுங்கள். உப்புக் காற்றும் இரண்டு மழைக்காலமும் உள்ள ஊரில் திறந்த அலமாரி ஆகாது.

அடுத்து இசை. இந்தச் சிடியில் இசை ஒரு கோப்பாகவே இல்லை. பாட்டு சிடியில் இருப்பது போலத் தனித் தடங்களாகப் பதிந்திருக்கிறது. நீங்கள் காப்பி எடுத்தது மங்கி.000, மங்கி.001 என்ற இரண்டு கோப்புகள். அவற்றில் படமும் பேச்சும் புதிரும் உண்டு, இசை கிடையாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற இலவச மென்பொருளால் ஒலித்தடங்களை எடுத்து, எம்பி3 ஆகவோ ஃப்ளாக் ஆகவோ மாற்றி, ஸ்கம் வி.எம். கையேட்டில் சொல்லியிருக்கும் பெயர் வரிசைப்படி அதே கோப்புறையில் போடுங்கள். பெயர் பிசகினால் மதுக்கடையில் ஒலிக்க வேண்டியது கல்லறையில் ஒலிக்கும். துறைமுகத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

குட்டை ஆட்களுக்குக் காரணம் திரை. அந்தக் காலத்து 4-க்கு 3 மானிட்டரில் 200 வரிகளும் மேலும் கீழும் இழுபட்டு முழுத் திரையை நிரப்பும். ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருக்கும், ஓவியர்களும் அதைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். இன்றைய திரையில் புள்ளிகள் சதுரம். ஸ்கம் வி.எம். அமைப்பில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் ‘அஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்’ என்பதை டிக் செய்யுங்கள். 200 வரி 240 ஆகும், ஆட்கள் நிமிர்ந்துவிடுவார்கள். அங்கேயே படத்தை மழுமழுப்பாக்கும் ஃபில்டர்களும் உண்டு. எங்களுக்கு அவை பிடிப்பதில்லை. புள்ளி புள்ளியாக வைத்த முகம் மெழுகு பொம்மை போல ஆகிவிடுகிறது.

கேள்வி: தமிழ்வழி படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஆங்கிலப் பழக்கத்துக்காக இதை ஆடக் கொடுக்கலாமா? மொழி தடையாக இருக்குமா?
— ஆசிரியை, தக்கலை

கொடுக்கலாம். கூடவே நீங்களும் இருக்க வேண்டும். இந்த விளையாட்டில் தமிழ்ப் பிள்ளைகளைத் தடுக்கி விழவைப்பது இலக்கணமோ கடினச் சொல்லோ ஆகாது. சில புதிர்கள் ஆங்கில மரபுத்தொடரின் மேலேயே கட்டப்பட்டவை. அந்தத் தொடர் தெரியாதவருக்கு எவ்வளவு யோசித்தாலும் விடை வராது. நம்மூர் அழிப்பாங்கதையை வெளியூர்க்காரரிடம் போட்டால் என்ன ஆகும், அந்தக் கதைதான்.

நல்ல உதாரணம், பாலத்தில் நிற்கும் பூதம். (விடை வருகிறது.) வழிவிட வேண்டுமானால் கவனத்தை இழுக்கிற, ஆனால் உண்மையில் முக்கியமே இல்லாத ஒன்றைக் கொடு என்று கேட்கும். கொடுக்க வேண்டியது ஒரு சிவப்பு மீன், ‘ரெட் ஹெர்ரிங்’. துப்பறியும் கதையில் வாசகரைத் திசைதிருப்பப் போடும் பொய்த் துப்புக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். ஹெர்ரிங் நம் சாளையின் குடும்பத்து மீன், உப்பிட்டுப் புகைபோட்டால் செந்நிறமாகும் என்று முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடுங்கள். பூதம் கேட்டதும் பிள்ளைகள் தாமே பிடித்துக்கொள்வார்கள். அந்த மீன் மதுக்கடைச் சமையலறையின் பின்பக்கம் கிடக்கும், ஒரு கடற்பறவை அதை எடுக்க விடாது. பலகையின் ஆடும் நுனியை மிதித்துப் பறவையை எழுப்பி, அது திரும்பி உட்காருவதற்குள் எடுத்துவிட வேண்டும். மீன் காயப்போட்ட இடத்தில் காக்கை விரட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே கொடுக்க வேண்டாம்.

1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதைவிட மோசமான ஒன்று. அருவிக்கு மேலே ஒரு பம்பைத் திருக, ஒரு குரங்கை மயக்கி அதையே திருகியாகப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்கர்கள் அந்தத் திருகியை ‘மங்கி ரென்ச்’ என்பார்கள், அதை வைத்து ஒரு சிலேடை. இங்கிலாந்துக்காரர்களுக்கே விளங்கவில்லை, அவர்களுக்கு அது ‘ஸ்பேனர்’. நம் பட்டறைகளிலும் ஸ்பானர்தான். இதை முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், மறைத்துவைத்து ஒரு பயனும் இல்லை.

வாள் சண்டை மட்டும் தமிழ்க் காதுக்கு என்றே செய்தது போல இருக்கும். அங்கே வெல்வது கை வேகத்தால் அல்ல, வாயால். எதிரி ஒரு வசவு சொன்னால் அதற்குச் சரியாகப் பொருந்தும் பதிலடியை நீங்கள் சொல்ல வேண்டும், எசப்பாட்டு மாதிரி. ‘பால்காரன் மாதிரி சண்டை போடுகிறாய்’ என்பான். ‘பொருத்தம்தான், நீ போடுவது மாட்டுச் சண்டை’ என்று திருப்ப வேண்டும். பதிலடி தெரியாவிட்டால் தோற்பீர்கள், தோற்றால் ஒரு புது வசவு கற்றுக்கொள்வீர்கள். அந்த வசவை அடுத்தவனிடம் வீசினால் அவன் பதிலைச் சொல்லித்தருவான். பிள்ளைகள் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் வசவு, வலப்பக்கம் பதில் என்று எழுதிவரட்டும். ஒரு வாரத்தில் வரும் ஆங்கிலம் கொஞ்சமில்லை.

எழுத்து வேகமாக ஓடினால் பழைய பதிப்பில் கழித்தல் குறியை அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம், கூட்டல் குறி கூட்டும். வகுப்புக்கு இந்த ஒரு வசதிக்காகவே பழைய முறையைப் பரிந்துரைப்போம்.

கேள்வி: வழியில் வரும் கொள்ளையர் எல்லாரையும் ஜெயித்துவிட்டேன். வாள் ஆசானிடம் போனால் அவள் சொல்லும் வசவு ஒன்றுகூட என் பட்டியலில் இல்லையே?
— வாசகர், குலசேகரம்

(விடை வருகிறது.) வசவுகள் புதியவை, பதில்கள் பழையவை. அவள் சொல்வதில் உள்ள வினைச்சொல்லைப் பிடியுங்கள். உன் ரத்தத்தைச் சொட்டு விடாமல் கறந்துவிடுவேன் என்கிறாள். கறப்பது என்றதும் உங்கள் பட்டியலில் மாடு எங்கே வருகிறது என்று பாருங்கள். மற்றவையும் இதே வழிதான். நாலைந்து பதில் இன்னும் கைவசம் இல்லாமல் போனால் தோற்பீர்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. திரும்பிப் போய் இன்னும் சில கொள்ளையரோடு மோதிவிட்டு வாருங்கள்.

கேள்வி: போனில் ஆட முடியுமா? காசு செலவழிக்காமல் பழகிப் பார்க்க வழி உண்டா?
— வாசகி, திங்கள்சந்தை

முடியும். ஸ்கம் வி.எம். ஆண்ட்ராய்டுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. விளையாட்டின் கோப்புகளை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். கட்டளைச் சொற்கள் போன் திரையில் பொடிப் பொடியாக இருப்பதால் விரல் தவறான சொல்லில் விழும். டச் அமைப்பில் ‘டச்பேட்’ முறைக்கு மாற்றுங்கள். விரலை இழுத்தால் அம்புக்குறி நகரும், தட்டினால் சொடுக்கும். டேப்லெட் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

காசில்லாமல் பழக, ஸ்கம் வி.எம். தளத்திலேயே ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ (1994), ‘ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குவீன்’ (1995) இரண்டையும் உரிமையாளர் அனுமதியோடு இலவசமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாவதில் தொடங்குங்கள், நகைச்சுவை மங்கி ஐலண்டுக்குப் பக்கத்தில் வரும்.

கேள்வி: கைபிரஷைச் சிலையோடு சேர்த்துக் கட்டிக் கடலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். கயிற்றை அறுக்கக் கத்தி, கோடரி என்று சுற்றிலும் கிடக்கிறது. ஒன்றும் எட்டவில்லை. மூன்று நாளாக இங்கேயே நிற்கிறேன்.
— வாசகர், முட்டம்

விளையாட்டில் சாவு இருக்கும் ஒரே இடம் இதுதான். கைபிரஷ் தன்னால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்று பெருமை பேசிக்கொண்டே வருவான். மெய்யாகவே பத்து நிமிடம் சும்மா விட்டால் நிறம் மாறிச் செத்துப்போவான். எனவே முதலில் எஃப்5 அழுத்தி இங்கே ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் அது உதவும்.

(விடை வருகிறது.) அந்தக் கத்திகளை விட்டுவிடுங்கள், அவை எதற்கும் இல்லை. கயிற்றின் மறுமுனை சிலையில் கட்டியிருக்கிறது. சிலை கனமாயிற்றே என்று யாரும் அதைத் தொட்டே பார்ப்பதில்லை. ‘எடு’ என்ற சொல்லை அழுத்தி, சிலையின் மேல் சொடுக்குங்கள். சட்டைக்குள் செருகிக்கொள்வான். அப்படியே ஏணிப் பக்கம் நடந்து மேலே ஏறிவிடலாம்.